உரக்க வந்த ஒரே சொல்

பலாவுத் தீவுகளில், கடலோர ஊர் ஒன்றில், மறுப்பைக் கேட்டாலே முகம் சுளிக்கும் தலைவர் ஒருவர் இருந்தார். பெயர் உலுடோங். ஊரார் அவரை மரியாதையாக 'ருபாக்', பெரியவரே, என்று அழைப்பார்கள். தலைவர்களுக்கு இந்த நோய் எல்லா நாட்டிலும் உண்டு. இவர் அதற்குச் சட்டமே போட்டுவிட்டார்.

அந்த ஊர் அவையில் பெரியவர்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை. தூதன் காதில் முணுமுணுப்பார்கள். அவன் குனிந்து நடந்து அடுத்தவர் காதில் சேர்ப்பான். தூதன் டெபங். ஊரின் வீம்பெல்லாம் அவன் காது வழியாகத்தான் போய்வந்தது.

மீன் முட்டையிடும் காலம். பவளத்திட்டில் வலை வீசத் தடை. தலைவருக்கோ விருந்து ஆசை. தடையை நீக்கினால் வரும் ஆண்டு ஊரே பட்டினி. பெரியவர்கள் மறுப்பார்கள் என்று தெரிந்ததும், தலைவர் பதவிமேல் கண் வைத்திருந்த ஒபாக் என்பவர் அவருக்கு யோசனை சொன்னார்: "அந்தச் சொல்லையே தடுத்துவிடுங்கள்."

ஆணை பிறந்தது. 'டியாக்', அதாவது 'இல்லை', என்று அவையில் யார் சொன்னாலும் இருக்கையை விட்டு எழவேண்டும்; பதவியும் அதோடு போகும். 'ஓய்' மட்டுமே சொல்லலாம். நம்மூரில் ஆளைக் கூப்பிடும் ஓய் அன்று. அங்கே அதற்கு 'ஆம்' என்று பொருள்.

டெபங் நேராக இலெப்ராங்கிடம் ஓடினான். குலத்தின் மூத்த பெண்மணி. அந்த ஊரில் தலைவரை அமர்த்துவதும் இறக்குவதும் பெண்கள்தாம்.

"அம்மா, தலைவரிடம் ஒரு கேள்வி கேட்டனுப்ப வேண்டும்."

"என்ன கேள்வி?"

சொன்னான். அம்மையார் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். "நான் கேட்டதாகவே சொல். நிஜமாகவே கேட்கிறேன், போ!"

அவை கூடியது. "வலை வீசத் திட்டைத் திறக்கலாமா?" என்ற கேள்வியோடு டெபங் காது காதாகச் சுற்றினான். 'ஓய்' என்று முனகிய ஒவ்வொரு முகமும் வேப்பங்காயைக் கடித்தது போலிருந்தது. கடைசியில் தலைவரின் காதருகே மண்டியிட்டான்.

"ருபாக், எல்லாரும் ஓய். பெண்களும் ஒன்று கேட்டனுப்பியிருக்கிறார்கள்."

"என்னவாம்?"

"இன்றே உங்கள் பட்டத்தை ஒபாக்கிற்குக் கொடுத்துவிடலாமா என்று."

"டியாக்!"

கூரை அதிர்ந்தது. அந்த அவையில் அதுவரை ஒருவரும் குரல் உயர்த்தியதில்லை. ஒபாக் தம் பாதங்களை ஆராயத் தொடங்கினார்.

டெபங் பணிவாகச் சொன்னான்: "ருபாக், எல்லாருடைய சொற்களையும் சுமந்து என் முதுகே வளைந்துவிட்டது. இது ஒன்றுதான் தானாக நடந்து எல்லார் காதுக்கும் போயிருக்கிறது. ஆணைப்படி எழுகிறீர்களா? அல்லது ஆணையை எழுப்பி அனுப்பிவிடலாமா?"

தலைவர் இருக்கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பிறகு தோள் குலுங்கச் சிரித்தார். ஆணை போயிற்று. டெபங் மறுபடி சுற்றிவந்தான். இம்முறை எல்லார் வாயிலும் 'டியாக்'. திட்டு தப்பியது.

தலைவர் தம் ஆமையோட்டுத் தட்டை டெபங்குக்குப் பரிசளித்துவிட்டு, அவன் காதை இழுத்துக் கேட்டார்: "ஏனப்பா, பெண்கள் விளையாட்டாகத்தானே கேட்டார்கள்?"

"அதை அவர்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள், ருபாக். ஆனால் மெதுவாக."