நாற்பதில் உதறிய ஜீப்

விளாமலைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொல்வதென்றால் வாயைத் திறப்பதற்கு முன் நன்றாக யோசித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால் சொன்னதைச் செய்துவிடுவார்கள். ஒருமுறை கொசு மருந்து அடிக்க வந்த அதிகாரி, "தண்ணித் தொட்டி எப்பவும் மூடியே இருக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கோடை முழுக்க ஊரே தாகத்தோடு தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து காவல் காத்தது. ஒருவரும் மூடியைத் தொடவில்லை.

அந்த ஊரின் ஒரே ஜீப் தவசியுடையது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டிதான். அடிவாரத்தில் யாரோ ஒருவருடைய ஜீப் உயரமாக நிற்பதைத் தவசி பார்த்ததோடு அதற்குக் கெட்டகாலம் பிறந்தது. ஸ்பிரிங்குக்குக் கீழே கட்டை கொடுத்து உயர்த்தினான். நெஞ்சு உயரத்துக்கு டயர் வாங்கி மாட்டினான். அதன் பிறகு வண்டியில் ஏற ஒரு முக்காலி வேண்டியிருந்தது. அந்த முக்காலியை எடுத்துக்கொள்ள ஒவ்வொரு முறையும் யாராவது கீழே இறங்க வேண்டியிருந்தது. இறங்கியவர் மறுபடி ஏற முக்காலி வேண்டியிருந்தது. இப்படியே ஒரு பயணம் புறப்படுவதற்குள் பாதிப் பகல் போய்விடும்.

அதுகூடப் பரவாயில்லை. வேகம் நாற்பதைத் தொட்டால் வண்டி உதற ஆரம்பித்தது. ஸ்டியரிங் கையில் நிற்காமல் துள்ளியது.

இது தெரியாமல்தான் தவசிக்குப் பெண் பேசியிருந்த, அடிவாரத்துக் கீழ்ப்பட்டி நாகஜோதியின் பெரியப்பா குருவையா ஒருநாள் அதில் ஏறினார். நாற்பதில் அவருடைய பல்செட் கழன்று ஜன்னல் வழியாகக் கரும்புக் காட்டுக்குள் போனது. அவர் இறங்கி, பொக்கை வாயோடு ஒரே வார்த்தைதான் சொன்னார்.

"வெள்ளிக்கிழமை பொண்ணோட ஆத்தாளைக் கூட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீடு பார்க்க வருவோம். வண்டி உதறக் கூடாது. உதறினா சம்பந்தம் கிடையாது."

மலைக்கு வேறு மோட்டார் வண்டி கிடையாது. நாகஜோதியைத் தவசி ஒரே ஒருமுறைதான் பார்த்திருந்தான். பார்த்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் மாப்பிள்ளை வீட்டு ஏற்பாடுகளில் குறை வைக்கவில்லை. தன் சித்தி சிட்டம்மாளிடம் தெளிவாகச் சொல்லி வைத்தான்.

"சித்தி, வளைவுல வண்டியோட மூஞ்சி தெரிஞ்சா வர்றோம்னு அர்த்தம். ஆரத்தியும் காபியுமா ஓடி வந்துரு. வண்டியோட முதுகு தெரிஞ்சா கிளம்பிட்டோம்னு அர்த்தம். தாம்பூலத் தட்டைக் கையில குடுத்து அனுப்பிரு. வந்தவுகளைக் காக்க வைக்கக் கூடாது."

"மூஞ்சின்னா காபி, முதுகுன்னா தாம்பூலம். இது தெரியாதா எனக்கு?" என்றாள் சித்தி.

அப்புறம் தவசி தன் கூட்டாளிகள் சுருளியையும் ஒச்சப்பனையும் கூட்டிக்கொண்டு உட்கார்ந்து டவுன் மெக்கானிக்குக்குப் போன் போட்டான்.

"எந்த வேகத்துல உதறுது?" என்று கேட்டார் மெக்கானிக்.

"நாப்பதுல அண்ணே."

"அதுக்கு மேல?"

"அதுக்கு மேல போனதில்லைண்ணே. பயம்."

மெக்கானிக் வேறு வேலையாகப் போனை வைத்துவிட்டார். மூன்று பேரும் வெகுநேரம் யோசித்தார்கள்.

"நாப்பதுலதானே கோளாறு? அந்த நாப்பதை விட்டுட்டு ஓட்டினா என்ன?" என்றான் சுருளி.

"எப்படி விடுறது?"

"முப்பத்தொம்பது வரைக்கும் மெதுவாப் போ. அங்க இருந்து ஒரே தாவா நாப்பத்தொண்ணுக்குத் தாவிரு."

தவசி தாவினான். ஒவ்வொரு முறையும் முள் நாற்பதின் மேலேயே நடந்து போனது. தாவச் சொன்னால் தாவாத முள்ளை மூவரும் வெறுப்போடு பார்த்தார்கள்.

மறுபடி போன் போட்டார்கள். மெக்கானிக் சொன்னார்: "டயரா, ஷாஃப்டா, என்னன்னு பார்க்கணும். ஒவ்வொண்ணாக் கழட்டிட்டு ஓட்டிப் பாருங்க. எதைக் கழட்டினதும் உதறல் நிக்குதோ, அதுதான் காரணம்."

சுலபமாகக் கழல்வதிலிருந்து தொடங்கினார்கள். கண்ணாடியைக் கழற்றி ஓட்டினார்கள்; உதறியது. ஹாரனைக் கழற்றினார்கள், உதறியது. நம்பர் பிளேட், பின் கதவு, சாமி படம், எலுமிச்சம்பழம் எல்லாம் கீழே இறங்கின. உதறல் மட்டும் இறங்கவில்லை. கழற்றுவதற்கு வேறொன்றும் கண்ணில் படாதபோது ஒச்சப்பனுக்கு ஒன்று தோன்றியது.

"இன்னும் நாம மூணு பேரும் கழட்டாம அப்படியே இருக்கோமே?"

முதலில் சுருளியைக் கழற்றிச் சாலையோரம் நிறுத்தினார்கள். உதறியது. ஒச்சப்பனைக் கழற்றினார்கள். உதறியது. தவசி வண்டியை நிறுத்தி, தானும் இறங்கினான். ஜீப் ஆடாமல் அசையாமல் நின்றது.

"அப்ப நீதான் காரணம்" என்றான் சுருளி.

தவசி வண்டியையும் தன்னையும் மாறி மாறிப் பார்த்தான். "நான் இல்லாம வண்டி போகாதே, மாப்ள."

"போகும்போது உதறுதா இல்லையான்னு உள்ள இருந்து பார்க்க ஆள் வேணும். ஆள் இருந்தா உதறும். அப்ப ஆள் இல்லாதப்ப உதறலை ஆரு பார்க்கிறது?" என்றான் சுருளி.

இந்தக் கேள்வி அவர்களை வியாழக்கிழமை சாயங்காலம் வரை உட்கார வைத்தது. அதற்கு மேலும் உட்கார்ந்திருப்பார்கள். வெள்ளிக்கிழமை வருகிறதே என்று தவசிக்குத்தான் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கழற்றியதையெல்லாம் மாட்டிவிட்டு மூன்றாவது தடவை போன் போட்டான்.

"ஓடிக்கிட்டிருக்கும்போதே நியூட்ரல்ல போடு" என்றார் மெக்கானிக். "அப்பவும் உதறினா என்ஜின் மேல தப்பில்ல."

எங்கே போட வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. ஆகவே செங்குத்தான ஏற்றத்தில் போட்டார்கள். ஜீப் கொஞ்சம் தயங்கியது. பிறகு பின்பக்கமாக உருண்டு, ஒரு புளியமரத்தில் போய்ச் சாய்ந்து நின்றது.

மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"உதறலை" என்றான் ஒச்சப்பன் மெல்ல.

"பின்னாடி போனா உதறலை!" என்று கத்தினான் சுருளி. தவசி உடனே போனை எடுத்தான்.

"அண்ணே, கண்டுபிடிச்சிட்டோம்! வண்டி பின்னாடி போனா உதறலை!"

"பின்னாடி எவன்டா நாப்பதுல போவான்?" என்று மெக்கானிக் கத்தினார். "மூணு நாளா உசுரை வாங்குறீங்க. அப்படின்னா பின்னாடியே போய்த் தொலைங்கடா!"

தவசி கையெடுத்துக் கும்பிட்டான். "நல்லா இருப்பீகண்ணே."

வெள்ளிக்கிழமை காலை கீழ்ப்பட்டி வாசலில் ஜீப் நின்றது. நாகஜோதியின் அம்மா பேச்சியம்மாளும் குருவையாவும் முக்காலி போட்டு ஏறிப் பின் சீட்டில் உட்கார்ந்தார்கள். குருவையா புதுப் பல்செட்டை எதற்கும் இருக்கட்டும் என்று வேட்டி மடிப்பில் முடிந்து வைத்திருந்தார். தவசி ரிவர்ஸ் கியரைப் போட்டு, சீட்டின் மேல் கையைப் போட்டு, முழுசாகத் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கமாக மலையேறத் தொடங்கினான்.

வழியெல்லாம் அவன் முகம் பேச்சியம்மாளின் முகத்துக்கு நேராகவே இருந்தது. அந்த அம்மாள் முதலில் கூச்சப்பட்டாள். நாலைந்து வளைவு தாண்டியதும் மனம் இளகிவிட்டாள்.

"மரியாதை தெரிஞ்ச பிள்ளை" என்று குருவையாவின் காதில் சொன்னாள். "நம்ம வீட்டு ஆம்பளைக ஒருத்தராவது பேசும்போது நம்ம மூஞ்சியைப் பார்த்திருக்காகளா?"

"உதறவும் இல்லை" என்றார் குருவையா. மாட்டுவண்டி ஒன்று அவர்களை முந்திக்கொண்டு போனது.

விளாமலையின் கடைசி வளைவில் சிட்டம்மாள் கண்ணை இடுக்கிக்கொண்டு காத்திருந்தாள். அடுப்பில் காபி கொதித்தது. ஜீப்பின் முதுகு தெரிந்தது.

"அடடா, கிளம்பிட்டாக!" என்று பதறினாள். காபியை அப்படியே விட்டுவிட்டுத் தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, வண்டி நின்றதும் நிற்காததுமாகப் பேச்சியம்மாளின் கையில் கொடுத்தாள். "நல்லபடியாப் போயிட்டு வாங்க, மதினி."

"நாங்க இன்னும் இறங்கவே இல்லையே?" என்றாள் பேச்சியம்மாள்.

"முதுகுன்னா தாம்பூலம். தவசிதான் சொன்னான்."

தவசி தலையைச் சொறிந்தான். தான் சொன்னதைத்தான் சித்தி அச்சுப் பிசகாமல் செய்திருக்கிறாள். அதில் குறை சொல்ல அவனுக்கு எதுவும் அகப்படவில்லை. குருவையாவைப் பார்த்தான்.

"தாம்பூலம் வாங்கியாச்சுன்னா கிளம்பணும். அதான் முறை" என்றார் குருவையா கண்டிப்பாக. சம்பந்தம் பொருத்தமாகத்தான் அமைந்திருந்தது.

வண்டியின் மூக்கு இறக்கத்தைப் பார்த்தே நின்றது. நேராகப் போயிருக்கலாம். ஆனால் மெக்கானிக் பின்னாடியே போகச் சொல்லியிருக்கிறாரே! சுருளியும் ஒச்சப்பனும் தள்ளு தள்ளென்று தள்ள, தவசி வண்டியைத் திருப்பி நிறுத்தினான். இருவரும் ஏறிக்கொண்டதும் ஜீப் மறுபடி பின்பக்கமாக மலையிறங்கத் தொடங்கியது.

இப்போது சிட்டம்மாளுக்கு ஜீப்பின் மூஞ்சி தெரிந்தது.

"வர்றாக! வர்றாக!" என்று வீட்டையே கிடுகிடுக்க வைத்தாள். ஒருத்தி ஆரத்தித் தட்டைத் தூக்கினாள். இன்னொருத்தி காபிப் பானையைத் தூக்கினாள். டம்ளர்களை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு எல்லாரும் எதிர்கொண்டு அழைக்க ஓடினார்கள்.

"என்னக்கா, வர்றாக வர்றாகங்குற, வண்டி தூரமாப் போய்க்கிட்டே இருக்கு?" என்று மூச்சிரைக்கக் கேட்டாள் காபிப் பானைக்காரி.

"மலை ரோடுடி. வளைஞ்சு வளைஞ்சுதான் வரும். நீ சிந்தாம ஓடு."

வண்டியில் முன் சீட்டில் இருந்த சுருளிக்கு அவர்கள் வருவது தெரிந்தது. "மாப்ள, உன் சித்தி ஓடி வருது."

"வழியனுப்ப வருது" என்றான் தவசி, பேச்சியம்மாளின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க வீட்டு மரியாதை அப்படி."

ஜீப் கீழ்ப்பட்டியில் பெண் வீட்டு வாசலில் வந்து நின்றபோது சிட்டம்மாளும் வந்து சேர்ந்தாள். முக்காலி போட்டு இறங்கிய சம்பந்திகளை அப்படியே நிறுத்தி ஆரத்தி சுற்றினார்கள். காபி கொடுத்தார்கள். ஆறிப்போயிருந்தது, யாரும் குறை சொல்லவில்லை. பிறகு சிட்டம்மாள் கதவைக் காட்டி, "வலது கால் வச்சு வாங்க, மதினி. வந்த காரியத்தைப் பாருங்க" என்றாள்.

உள்ளிருந்து நாகஜோதி கதவைத் திறந்தாள். அம்மாவையும் பெரியப்பாவையும் பார்த்தாள். ஆரத்தித் தட்டைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள்.

தவசி வாசலிலேயே நின்றான். குருவையா மடிப்பிலிருந்து பல்செட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, அறை அறையாகப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். கிணற்றில் எட்டிப் பார்த்தார். பேச்சியம்மாள் சமையல்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பானைகளைத் திறந்து பார்த்தாள்.

"வீடு எப்படி?" என்று கேட்டார் குருவையா.

"சமையல்கட்டு கொஞ்சம் இருட்டுத்தான்" என்றாள் பேச்சியம்மாள் யோசனையோடு. "ஆனா தாராளமாப் பொண்ணைக் குடுக்கலாம். எல்லாம் அப்படியே நம்ம வீடு மாதிரியே இருக்கு. அவளுக்குப் பழகிக்கிறதுல சிரமமே இருக்காது."