நாற்பத்தேழாவது மேற்கோள்

“இது அநியாயம் மேடம். அந்த வரியில ஒரு குறை சொல்லுங்க பாப்போம்” என்றார் கோமதிநாயகம்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்று. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவர். வேலைக்கு நடுவே எட்டு வருஷமாக முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறார். அவருடைய நெறியாளர் ஜெசிந்தா மேடத்துக்கு வயது முப்பத்தொன்பதுதான்.

வெள்ளிக்கிழமையோடு பதிவு காலாவதி. அதற்குள் மேடம் கையெழுத்துப் போட்டால் ஆய்வேடு உள்ளே போகும். இல்லாவிட்டால் எட்டு வருஷமும் போச்சு.

அன்று புதன்.

மேடத்திடம் ஒரு வழக்கம் உண்டு. கையெழுத்துப் போடும் முன் ஆய்வேட்டின் கடைசியில் இருக்கிற மேற்கோள் பட்டியலை விரிப்பார். பார்க்காமல் ஒரு விரலை வைப்பார். விரல் விழுந்த கட்டுரை மேசைக்கு வந்தாக வேண்டும். மாணவர்கள் இதற்கு வைத்த பேர் விரல் கண்டம்.

விரல் நாற்பத்தேழில் விழுந்திருந்தது.

“இதழ் பேரைச் சாய்ச்சுப் போட்டிருக்கேன். வருஷத்தைத் தடிப்பாப் போட்டிருக்கேன். ஒரு கமா பிசகல. இன்னும் என்ன வேணும்?”

“கட்டுரை வேணும் சார்.”

“ஐம்பத்தெட்டுல வந்தது மேடம். அதுக்கு எங்க போக?”

“அப்ப படிக்காமலா போட்டீங்க?”

“ஊரே போட்டிருக்கு. துணிச் சாயம் அறுபது டிகிரியில நல்லாச் சிதையும், ஆதாரம் இந்தக் கட்டுரைன்னு நான் பாத்தே பதினெட்டு பேர் எழுதியிருக்காங்க. பதினெட்டு பேரும் முட்டாளா?”

“கட்டுரை வரட்டும்.”

கோமதிநாயகத்துக்குச் சுருக்கென்றது. தன்னிடம் படித்த பிள்ளைகள் வயசு இந்த அம்மாவுக்கு. விருட்டென்று எழுந்தார்.

“கொண்டாரேன். கொண்டாந்து உங்க மேசையில போடலைன்னா எம்பேரு கோமதிநாயகம் இல்ல.”

வியாழக்கிழமை முழுக்க நூலக மாடியில் கிடந்தார். அந்தத் தொகுதிகளை ஒருவர் தொட்டுப் பல வருஷம் இருக்கும். தும்மித் தும்மி மூக்கு சிவந்துவிட்டது. மத்தியானம் மூன்று மணிக்குக் கட்டுரை கிடைத்தது. ஆறே பக்கம்.

நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து படித்தார்.

அறுபது டிகிரி அதில் இல்லவே இல்லை. நாற்பதுக்கு மேல் நாங்கள் சூடாக்கிப் பார்க்கவில்லை என்று எழுதியவர்களே கடைசிப் பத்தியில் சொல்லியிருந்தார்கள்.

அப்படியானால் அறுபதை முதலில் கிளப்பியது யார்? தன் மடிக்கணினியில் குறித்து வைத்திருந்த பதினெட்டு கட்டுரைகளையும் தேதிவாரியாக அடுக்கினார். எல்லாவற்றுக்கும் முந்தியது பன்னிரண்டு வருஷத்துக்கு முன் வந்தது. மற்றவர்கள் அதையும் தங்கள் பட்டியலில் சேர்த்து, அதைப் பார்த்துத்தான் எழுதியிருந்தார்கள்.

அதை எழுதியவர் ஜெசிந்தா மேடம்.

“அட கடவுளே!” என்றார் வாய்விட்டு.

நாற்பத்தேழை எடுத்துவிட்டால் போதும். மேடம் இன்னொரு விரல் வைப்பார், கையெழுத்து விழும். கோமதிநாயகம் அப்படியும் யோசித்தார், மறைப்பானேன். அப்புறம் கோபம் வந்தது. அந்த அறுபதை நம்பித்தானே மூன்று வருஷச் சோதனையும் செய்தார்!

வெள்ளிக்கிழமை காலையில் மேசைமேல் பொத்தென்று போட்டார்.

“இந்தாங்க கட்டுரை. அறுபது இதுல இல்ல.”

மேடம் படித்தார். கடைசிப் பத்தியை இரண்டு தடவை படித்தார்.

“அப்ப இதை எடுத்துருங்க சார்.”

“எடுக்க மாட்டேன். புதுசா ஒரு பத்தி எழுதியிருக்கேன். அதையும் படிங்க.”

படித்தார். மூலக் கட்டுரையில் அறுபது இல்லை என்று அதில் இருந்தது. இருப்பதாக முதலில் சொன்ன கட்டுரை எது என்று இருந்தது. அதை நம்பி எழுதிய பதினேழு பேரும் இருந்தார்கள். பதினெட்டாவது ஆள் நான் என்றும் எழுதியிருந்தார். மேடத்தின் பெயர் முழுசாக இருந்தது.

“இதுல நான் கையெழுத்துப் போடணும்.”

“ஆமா.”

“போடலைன்னா?”

“போட வேண்டாம். எட்டு வருஷம் போனாப் போகுது. அந்தப் பத்தி போகாது. உங்க பேரும் போகாது.”

வீராப்பாகச் சொல்லிவிட்டார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

“அதை எழுதினப்ப எனக்கு இருபத்தேழு வயசு சார்.”

“எனக்கு ஐம்பத்தொண்ணு மேடம். நானும்தான் பாக்காமப் போட்டேன்.”

மேடம் அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்தார். முகம் கறுத்திருந்தது. பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, தன் பெயர் இருந்த வரிக்குக் கொண்டுபோனார்.

“அடிக்காதீங்க மேடம்! சொல்லிட்டேன்!”

“அடிக்கல. பக்க எண் தப்பு.”

“என்னது?”

“என் கட்டுரை எண்ணூத்தி இருபதுல ஆரம்பிக்கல. இதை எங்கேருந்து எடுத்தீங்க?”

கோமதிநாயகம் தாளை எட்டிப் பார்த்தார்.

“வேற ஒருத்தர் பட்டியல்ல இருந்து” என்றார்.

“என் கட்டுரையை எடுத்துப் பாத்துட்டு வாங்க சார். கையெழுத்துப் போட நான் இங்கயேதான் இருப்பேன்.”