ஒரு பிடி காளான் உறை

ஏழு மலைக்கு இந்தப் பக்கம், ஒரே ஒரு ஆத்துக்கு அந்தப் பக்கம், ஒரு ஊரு இருந்துச்சாம். ஊருன்னா ராசா இருக்கணும்ல, ராசாவும் இருந்தாராம். ராசா இருந்தா அரமனைக் குப்பை இருக்கும்ல, அதக் கூட்டி அள்ள ஒருத்தி இருந்தாளாம். அவ பேரு சடச்சி. சிரிக்காதீங்க, அது குலசாமி பேரு.

அவ புருசன் கொப்பையன். அரமனைத் தோப்புல தென்னை ஏறுறவன். ஒரு நாள் கை வழுக்கி மேல இருந்து விழுந்தான், இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ராசா வீட்டு இளநிக்கு ஏறி விழுந்தவன ராசா வீட்டுல ஒரு ஆளு எட்டிப் பாக்கல. அன்னையில இருந்து படுத்த படுக்கை. கஞ்சி குடுத்தா கக்கிருவான், களி குடுத்தா தொண்டையில நிக்கும், மீன் குடுத்தா மூஞ்சியத் திருப்பிக்கிடுவான். அவன் வயித்துல தங்குனது காளான் சாறு ஒண்ணுதான். மிளகு தட்டிப் போட்டுச் சுடச்சுட ஊட்டுனா மூஞ்சி தெளிஞ்சு, "நீ சாப்பிட்டியா புள்ள"ன்னு கேப்பான்.

ஆனா இடி இடிச்சாத்தான காட்டுல காளான் வரும்? மழை முடிஞ்சா எங்க போறது? சடச்சி யோசிச்சா. குதிரை லாயத்துக்குப் பின்னாடி கெடந்த வைக்கோல் குமியில ஒரு தடவ காளான் பூத்திருந்தத அவ பாத்திருக்கா. அந்த வைக்கோலப் பிரிச்சா உள்ள வெள்ளை வெள்ளையா நூலு ஓடியிருக்கு. அட, பாலுக்கு உறை ஊத்துற மாதிரியில்ல இருக்கு இதுன்னு அவளுக்குத் தோணிருச்சு.

அப்புறம் என்ன செஞ்சா? குதிரை தின்னு மிச்சம் வச்ச வைக்கோலப் பொறுக்கிட்டு வந்தா, நறுக்குனா, ஊற வச்சா, அவிச்சு ஆற வச்சா. ஊருல தூக்கிப்போட்ட ஓட்டைப் பானையெல்லாம் பொறுக்குனா. ஒரு அடுக்கு வைக்கோலு, அதுமேல கொஞ்சம் நூலோடுன உறை, திரும்ப வைக்கோலு, திரும்ப உறைன்னு அடுக்கி, இருட்டு மூலையில வச்சு ஈரச்சாக்கப் போட்டு மூடுனா. முதல் தடவ அழுகிப் போச்சு. ரெண்டாந்தடவ பூச்சி வச்சுருச்சு. மூணாந்தடவ பானை ஓட்டை வழியா குட்டிகுட்டியா, காடை முட்டை மாதிரி எட்டிப் பாத்துச்சு பாருங்க, அவ அங்கனயே உக்காந்து அழுதுட்டா.

அன்னையில இருந்து ஒரு பானை ஓயும்போது ஒரு பிடி எடுத்து அடுத்த பானைக்கு உறை வைப்பா. அந்த ஒரு பிடி இருக்குற வரைக்கும் கொப்பையனுக்குச் சாறு உண்டு. பக்கத்து வீட்டுக்காரிகளுக்கும், உறை தாரேன் வச்சுக்கோங்கன்னு சொல்லித்தான் பாத்தா. குப்பையில முளைச்சத யாரு திம்பான்னு மூஞ்சியச் சுளிச்சாளுக.

உம் கொட்டுங்க, யாரு அங்க கொறட்டை விடுறது?

ஒரு நாள் ராசா அந்தத் தெருவழியா குதிரையில போனாரு. மிளகும் காளானும் கொதிக்கிற மணம் தூக்கிட்டு வந்துச்சு. குதிரை போச்சு, ராசா மூக்கு போகல. எறங்கி வந்து கேட்டாரு. சடச்சி பயந்து பயந்து ஒரு தொன்னையில ஊத்திக் குடுத்தா. குடிச்சவரு இன்னொரு தொன்னை கேட்டாரு, இன்னொண்ணும் கேட்டாரு. உள்ள படுத்திருந்தவன் பங்கும் சேந்து போச்சு, அதப் பாவம் அவரு அறிய மாட்டாரு.

அரமனைக்குப் போனதும் மடப்பள்ளி மணியக்காரனக் கூப்பிட்டாரு. அவன் பேரு நல்லகுத்தாலம். பேருலதான் நல்லது, மனசுல ஒரு பொட்டு கெடயாது. அந்தம்மாகிட்ட பக்குவம் கேட்டுக்கோ, அவ என்ன கேட்டாலும் குடுன்னு ராசா சொன்னாரு. நல்லகுத்தாலத்துக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. போயும் போயும் ஒரு குப்பைக்காரிகிட்ட நான் பக்குவம் கேக்குறதான்னு நாலு ஆளக் கூட்டிட்டுப் போயி, இருந்த பானையெல்லாம் வண்டியில ஏத்துனான்.

சடச்சி கைய எடுத்துக் கும்பிட்டா. ஒரே ஒரு பானைய விட்டுட்டுப் போங்க சாமின்னா. முடியாதுன்னான். சரி, அரைப் பானை விடுங்கன்னா. முடியாதுன்னான்.

"ஒரு பிடி குடுங்க சாமி. அடுத்த வீட்டுல உறைமோரு கேட்டா இல்லைங்க மாட்டாங்கல்ல, அந்த மாதிரி ஒரு பிடி. என் வீட்டுக்காரரு வயித்துல வேற ஒண்ணும் தங்காது."

"ராசா திங்கிறது ராசா வீட்டுல மட்டுந்தான் இருக்கணும்"னுட்டான் அவன்.

அப்பவும் அவ மனசு கேக்கல. வெயில் படாம வைங்க, மஞ்சத்தண்ணி மட்டும் தெளிச்சிராதீங்க, செத்துப்போகும்னு வண்டி பின்னாடியே சொல்லிட்டு ஓடுனா. எனக்குச் சொல்லித்தர நீ யாருன்னு அவன் திரும்பிக்கூடப் பாக்கல. போற வழியில, வேற எவளும் எடுத்துரக் கூடாதுன்னு லாயத்துக் குமியையும் கொளுத்தச் சொல்லிட்டான்.

அரமனையில பானைய எறக்குனாங்க. குப்பைக்காரி வீட்டுப் பானைய மடப்பள்ளிக்குள்ள எப்படிச் சேக்குறது? தீட்டு கழியணுமேன்னு நல்லகுத்தாலம் குடம் குடமா மஞ்சளக் கரைச்சு ஒவ்வொரு பானையிலயும் ஊத்துனான். மேல நின்னதப் பறிச்சு ரெண்டு நாளு ராசாவுக்கு ஆக்கிப் போட்டான். அதுக்குள்ள அடியில இருந்த வெள்ளை நூலெல்லாம் கறுத்துச் செத்துப் போச்சு.

இங்க குடிசையில என்ன நடந்துச்சு? முதல் நாள் சடச்சி, "நாளைக்குப் பூத்துரும் மாமா"ன்னா. ரெண்டாம் நாளும், "நாளைக்குப் பூத்துரும் மாமா"ன்னா. காட்டுலயும் மழையில்ல, வீட்டுல எந்தப் பானை பூக்கும்? படுத்தபடியே எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தான கெடந்தான் அவன். மூணாம் நாள் அவ வாயத் தெறக்கும் முன்ன அவனே சொன்னான்.

"காளான் சாறு சலிச்சுப் போச்சு புள்ள. இனிமே வைக்காத. அந்தக் கஞ்சிய நீ குடி, நான் பாக்குறேன்."

பொய்யின்னு அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும்னு அவனுக்கும் தெரியும். அவன் பாக்கணும்னு அவ குடிச்சா. மறுநாள் வெயில் ஏறுறதுக்குள்ள கொப்பையன் போயிட்டான்.

அழாத கண்ணு, கத இன்னும் இருக்கு.

அதே நாள் ராசா சாப்பாட்டுல உக்காந்து, எங்க காளான்னு கேட்டாரு. நல்லகுத்தாலம் பானையெல்லாம் கிண்டிப் பாத்தான், ஒண்ணும் இல்ல. கொல்லைப்பக்கம் ஓடுனான். கழனித்தண்ணி தேங்குற சாக்கடை ஓரத்துல வெள்ளையா நாலு பூத்து நின்னுச்சு. குப்பையில முளைச்சதெல்லாம் ஒண்ணுதானன்னு பறிச்சு ஆக்கி எடுத்துட்டு வந்தான். அந்த அரமனையில ஒரு வழக்கம் உண்டு. ஆக்குனவன் ஒரு வாய் தின்னு காட்டுன பெறகுதான் ராசா கைவைப்பாரு. நல்லகுத்தாலம் தின்னான். நாக்கு தடிச்சுது, கண்ணு சொருகுச்சு, வாயில நுரை தள்ளிக் கீழ விழுந்தான். வைத்தியரு வந்து உசுரக் காப்பாத்திட்டாரு, ஆனா அந்த நாக்குல அதுக்கப்புறம் ருசியும் தங்கல, பேச்சும் வரல. ஒரு பிடி இல்லைன்னு சொன்ன நாக்குல்ல அது.

கூடப்போன நாலு ஆளுகளும் பயந்துபோயி நடந்தத ராசாகிட்ட ஒப்பிச்சாங்க. ராசா நடந்தே குடிசைக்கு வந்தாரு. வாசல்ல சாவுச் சடங்குக்கு வச்ச நெல்லும் நீர்மாலைச் சொம்பும் பாத்ததும் காலு நின்னுருச்சு.

"தாயி, என்ன வேணுமோ கேளு. அரமனையில பாதி கேட்டாலும் குடுத்துர்றேன்"னாரு.

சடச்சி ஏறிட்டுப் பாத்தா. அவளுக்குக் கோவங்கூட வரல.

"கேக்க வேண்டிய அன்னைக்கு ஒரு பிடிதான் கேட்டேன் மகாராசா. இப்ப நீங்க நாட்டையே குடுத்தாலும், நீ சாப்பிட்டியான்னு கேக்க எனக்கு ஆளில்ல."

ராசா கிரீடத்தக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னாராம். அந்த நாட்டுல அப்புறம் யாரு வைக்கோல அடுக்குனாலும் காளானே வரலையாம். உறை இருந்தாத்தான வரும்?

அதனால புள்ளைகளா, உறை கேட்டு ஒருத்தி வாசல்ல நின்னா வெறுங்கையோட அனுப்பாதீங்க. அவ வீட்டுக்குள்ள யாரு படுத்திருக்காங்களோ நமக்கென்ன தெரியும்.

சொன்ன வாய்க்கு வெத்தலை, கேட்ட காதுக்கு உறக்கம்.