கரி படும் இடம்

மேற்குமலை அடிவாரத்தில் செண்பகவடிவு என்றொரு பெண் இருந்தாள். பாளையத்து வீரர்களின் துப்பாக்கிகளுக்குக் கட்டை செதுக்குவது அவள் தொழில். இரும்புக் குழலைக் கொல்லன் அடித்துக் கொடுப்பான். அதைத் தாங்கும் மரத்தை அவள் செய்வாள். அவள் செதுக்கிய கட்டை பிளந்ததாக யாரும் சொன்னதில்லை.

ஆவுடையப்பன் அவளைவிட மூத்தவன். பாளையப்படையில் இருந்தவன். யாரோ செய்த துப்பாக்கி அவன் கையிலேயே பிளந்து கன்னத்தில் தழும்பை விட்டிருந்தது. அதற்கு முன்பே படைத்தலைவனோடு சண்டை. அண்ணனோடு பேச்சு நின்றுபோயிருந்தது. மனைவியிடம் கோபித்துக்கொண்டுதான் வீட்டைவிட்டு வந்திருந்தான்.

“இனி யார் வேலையையும் நம்ப மாட்டேன் தாயி. என் துப்பாக்கியை நானே செய்யப்போறேன். கத்துக்கொடுங்க.”

அவள் ஒரு வேங்கைக் கட்டையை அவன் முன்னால் உருட்டிவிட்டாள்.

வெளிவடிவத்தைச் சீக்கிரமே கொண்டுவந்துவிட்டான். குழல் உட்காரும் பள்ளத்தில்தான் மாட்டிக்கொண்டான். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழலில் பூச வேண்டும். குழலைப் பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். மரத்தில் எங்கே கரி ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடியும் பூச வேண்டும்.

சுரண்டினான். வேறோர் இடத்தில் கரி பட்டது. அங்கே சுரண்டினான். பழைய இடத்திலேயே பட்டது.

“இப்போ சரியா தாயி?”

“இல்ல.”

“எங்க சரியில்ல?”

“அதைத்தான் கரி காட்டுதே. பட்ட இடத்துல சுரண்டுங்க அண்ணாச்சி.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.”

“நேத்தும் இதே வேலைதான்.”

உளியை வீசி எறிந்தான். அது எருக்கஞ்செடிகளுக்குள் போய் விழுந்தது. முணுமுணுத்துக்கொண்டே அவனே போய்த் தேடினான். வேட்டியில் கரி, சோற்றில் கரி, தும்மினால் கரி.

“இந்தக் கரி ஒழியுறதுக்கு ஒரு வழி சொல்லுங்க!” என்று செடிகளுக்குள்ளிருந்தே கத்தினான்.

“கரி ஒழியணும்னு யாரு சொன்னா?” என்றாள் அவள்.

அதற்குள் உளி கிடைத்துவிட்டது. அவள் சொன்னது அவன் காதில் விழவில்லை.

மறுநாள் அவன் மைத்துனன் கோமதிநாயகம் வந்தான். வெயிலில் நடந்து வந்ததில் முகம் சிவந்திருந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுச் சொன்னான்.

“அத்தான், உங்க பொண்ணுக்குக் கல்யாணம் கூடிவந்திருக்கு. அக்கா உங்களைக் கூட்டிட்டு வரச் சொன்னா.”

“நான் வரல.”

“பெத்த அப்பன் இருக்கும்போது வேற யாரு தாரை வார்ப்பா?”

“அங்க எங்க அண்ணன் நிப்பான். ஏதாவது குத்திப் பேசுவான். உங்க அக்கா ஒண்ணு சொல்லுவா, நான் ஒண்ணு சொல்லுவேன். எனக்கு அதெல்லாம் வேண்டாம் மாப்ளே. இங்க ஒருத்தர் தொந்தரவும் இல்லாம நிம்மதியா இருக்கேன்.”

கோமதிநாயகம் கரி அப்பியிருந்த அந்த முகத்தைப் பார்த்தான். புளியமர நிழலில் போய் உட்கார்ந்தான்.

ஆவுடையப்பன் உளியை எடுத்தான். அண்ணனை நினைத்து ஒரு இழுப்பு. படைத்தலைவனை நினைத்து ஒரு இழுப்பு. மரத்தூள் பறந்தது. வெயில் சாயும் நேரத்தில் குழலை வைத்து எடுத்தபோது பள்ளத்தில் ஒரு பொட்டுக் கரிகூட இல்லை. இரண்டு முனைகளிலும் ஆணிகள் பிடித்திருக்க, நடுவில் குழல் மரத்தைத் தொடாமல் நின்றது.

“தாயி! வந்து பாருங்க! சுத்தமா இருக்கு!”

செண்பகவடிவு குழலை விரலால் சுண்டினாள். அது கடகடவென்று ஆடியது. அவள் பெருமூச்சு விட்டாள்.

“குழல்ல வெடிமருந்தை அடைங்க. சுட்டுப் பாத்துருவோம்.”

அவன் துப்பாக்கியைத் தோளில் ஏற்றப்போனான். அவள் அதைப் பிடுங்கி ஒரு மரமுண்டில் வைத்துக் கயிற்றால் கட்டினாள்.

“நான் செஞ்சதை நான் பிடிக்கக் கூடாதா?”

“உங்களுக்கு நல்ல கன்னம் இன்னும் ஒண்ணுதான் இருக்கு.”

நீளத் திரி வைத்து இருவரையும் பின்னால் போகச் சொன்னாள். வெடித்தது. புகை விலகியபோது வேங்கைக் கட்டை அடியிலிருந்து நெடுகப் பிளந்து கிடந்தது.

ஆவுடையப்பன் தலையில் அடித்துக்கொண்டான்.

“கரியே படாமத்தானே செஞ்சேன்! இன்னும் என்னதான் செய்யணும்ங்கிறீங்க?”

அவள் உள்ளே போய்த் தன் துப்பாக்கியை எடுத்து வந்தாள். ஆணிகளைக் கழற்றிக் குழலைத் தூக்கிக் காட்டினாள். பள்ளம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இடைவெளியே இல்லாமல் கருப்பாக இருந்தது.

“இது முழுக்கக் கரியா இருக்கே!”

“ஆமா.”

“அப்போ என்னை என்னத்துக்கு இத்தனை நாளா சுரண்டவிட்டீங்க?”

“ஒரு இடத்துல மட்டும் பட்டா, சுடும்போது குழல் உதைக்கிற உதை முழுசும் அந்த ஒரு இடத்துல விழும். மரம் தாங்காது. எல்லா இடத்துலயும் ஒண்ணுபோலக் கரி படுறவரைக்குந்தான் சுரண்டணும்.”

“நான்தான் எங்கயுமே படாம செஞ்சுட்டேனே! அது இன்னும் நல்லதுதானே?”

செண்பகவடிவின் பொறுமை அத்தோடு தீர்ந்தது. பிளந்த கட்டையை எடுத்து அவன் கையில் திணித்தாள்.

“தொடவே தொடாத மரம் எப்படி அண்ணாச்சி தாங்கும்?”

கோமதிநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டான். ஆவுடையப்பன் பிளந்த கட்டையைக் கீழே வைத்தான். கையை நீட்டி, “நில்லு மாப்ளே, நானும் வாரேன்” என்றான்.