ஆகாய ஊஞ்சலின் வெள்ளி விழா

காட்டுக்கு நடுவுல ஒரு பாறைக் குளம். அதோட கரையில மாசானம்னு ஒரு கரடி விளையாட்டுத் திடல் நடத்திட்டு வந்துச்சு. உள்ள போகணும்னா ஒரு பழம் குடுக்கணும். பழத்தைக் குடுத்துட்டா சேத்துச் சறுக்குல சறுக்கலாம், உருளுற மரத்து மேல ஓடலாம், கடைசியா ஆகாய ஊஞ்சல்ல ஆடலாம்.

ஆகாய ஊஞ்சல்தான் அங்க விசேஷம். பெரிய மருத மரத்துக் கிளையில ரெண்டு பக்கமும் கொடியை முறுக்கிக் கட்டி, அடியில ஒரு பலகை போட்டிருந்தாங்க. கரடி ஓங்கித் தள்ளினா பலகை பாறையைத் தாண்டி, குளத்துக்கு மேல ஏறி, மரத்து உச்சி வரைக்கும் போகும். காலம் பூரா தரையோட தரையா கிடக்குற ஜீவன்களுக்கு, உச்சியில நிக்குற அந்த ஒரு நொடி போதும். இறங்கினதும் அடுத்த பழத்தைப் பொறுக்கப் போயிடுங்க.

இந்தத் திடலுக்கு ஒரு ரசிகர் மன்றமும் இருந்துச்சு. தலைவர் சிங்காரம்னு ஒரு கீரி. மன்றத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான். திடலைப் பத்தி யாரும் வெளியில குறை பேசக் கூடாது. பக்கத்து மலையில நரிங்க ஒரு திடல் நடத்துச்சுங்க. நம்ம குறை அதுங்க காதுக்குப் போயிடக் கூடாதாம். குறை பேசினவன் நரிக்கு ஆளு. அதுக்கு மேல விசாரணை கிடையாது.

மன்றத்துலயே பெரிய ரசிகன் சுடலை. அவன் ஒரு முள்ளெலி. மழை அடிச்சாலும் வருவான், வெயில் அடிச்சாலும் வருவான். பொண்டாட்டி மாடத்தியும் கூடவே வருவா, ஆனா ஊஞ்சல்ல ஏற மாட்டா. அவன் இறங்குற வரைக்கும் கீழ நின்னு அண்ணாந்து பார்த்துட்டே இருப்பா.

அப்படிப் பார்த்தப்பதான் அவ கண்ணுல அது பட்டுச்சு. இடது பக்கத்துக் கொடி, கிளையைத் தொடுற இடத்துல நார் நாரா பிரிஞ்சு தொங்குச்சு.

"ஏங்க, அந்தக் கொடி அறுந்துட்டு வருது!"

"தெரியும்" அப்படின்னான் சுடலை.

"தெரிஞ்சுமா ஏறுதீங்க?"

"சத்தமா பேசாதட்டி! சிங்காரம் அண்ணாச்சி நிக்காரு."

"அவரு நின்னா கொடி ஒட்டிக்கிடுமா?"

சுடலை அவளை ஓரமா கூட்டிட்டுப் போனான். "வெள்ளி விழா வருதுல்லா? எல்லாத்தையும் புதுசா மாத்தப் போறாவ. இந்த நேரத்துல போயி கொடி நைஞ்சு போச்சுன்னு சொன்னா, கல்யாண வீட்டுல உக்காந்து ஒப்பாரி வச்ச மாதிரி இருக்கும்."

வெள்ளி விழா வந்தது உண்மைதான். திடல் ஆரம்பிச்சு இருபத்தஞ்சு வருஷம் ஆகப் போகுது. முள்ளெலிகளுக்கு அது அஞ்சாறு தலைமுறை. சுடலையோட பாட்டன், பூட்டன் எல்லாரும் ஆடின ஊஞ்சல் அது. கொடியும் அதே கொடிதான்.

ஒருநாள் காலையில பார்த்தா, திடல் முன்னால ஓலைத் தட்டி வச்சு மறைச்சிருந்துச்சு. உள்ளேருந்து 'டொக் டொக்'னு மரங்கொத்தி வேலை பார்க்குற சத்தம். அவ்வளவுதான், மன்றமே அன்னைக்குப் பழம் பொறுக்கப் போகலை. தட்டிக்கு வெளிய கூடிடுச்சு.

"உள்ள செயற்கை நீரூத்து வருது! நான் அடிச்சுச் சொல்லுதேன்!" அப்படின்னு ஒரு தவளை குதிச்சுச்சு. "பாருங்க, தரையெல்லாம் ஈரமா இருக்கு!"

"அது இப்ப நீ உக்காந்துட்டு எந்திரிச்ச இடம்" அப்படின்னா ஆமை கோமதி. "எனக்கு நீரூத்தும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். வரிசை கொஞ்சம் சீக்கிரமா நகந்தா போதும்."

"வரிசை நகந்து ரொம்ப நேரமாச்சுக்கா" அப்படின்னு கீரி சிங்காரம் சொல்லுச்சு. "நீங்கதான் நகரல."

எல்லாரும் சிரிச்சாங்க. சுடலை மட்டும் சிரிக்கலை. அவன் தட்டி இடுக்குல மூக்கை விட்டுப் பார்த்துட்டு இருந்தான்.

"ரெண்டாவது ஊஞ்சல்!" அப்படின்னான். "புதுக் கொடி! இந்தா, இந்தத் தடிமன் இருக்கும்!" அவன் கை ரெண்டையும் முடிஞ்ச மட்டும் விரிச்சுக் காட்டினான். முள்ளெலி கை எவ்வளவு விரிஞ்சிடப் போகுது!

அந்த நேரம் கரடி மாசானம் பலாப்பழம் தின்னுட்டே அந்தப் பக்கமா வந்துச்சு.

"முதலாளி! உள்ள என்ன வருது?"

"பார்க்கத்தானே போறீங்க" அப்படின்னு சொல்லிட்டு, கரடி மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டுப் போயிடுச்சு.

"மூக்கைச் சொறிஞ்சாரு, பார்த்தியா!" சுடலைக்கு உடம்பெல்லாம் முள்ளு சிலிர்த்துச்சு. "சேத்துச் சறுக்கு திறக்குறதுக்கு முன்னாலயும் இப்படித்தான் சொறிஞ்சாராம். எங்க தாத்தா சொல்லியிருக்காரு!"

அந்த மூக்கைப் பத்தி மன்றத்துல சாயங்காலம் வரைக்கும் பேசுனாங்க. கரடி மூக்குல பலாப்பழப் பிசின் ஒட்டியிருந்ததை யாரும் கவனிக்கலை.

மாடத்திக்கு மட்டும் மனசு கேக்கலை. நேரா கீரிகிட்ட போனா.

"தலைவரே, இடது பக்கத்துக் கொடி பிரிஞ்சு போச்சு. முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

கீரி அவளை மேலயும் கீழயும் பார்த்துச்சு. "நரிங்க யாராவது வந்து உங்கிட்ட பேசினாங்களாம்மா?"

"நரி எதுக்கு வரணும்? எனக்குக் கண்ணு இருக்கு!"

"கண்ணு எல்லாருக்கும்தான் இருக்கு. நாங்கெல்லாம் கத்திக்கிட்டா திரியுதோம்?" கீரி குரலைத் தணிச்சுச்சு. "இங்க பாரு மாடத்தி. வெள்ளி விழாவுல முதல் ஆட்டம் ஒன் வீட்டுக்காரனுக்குன்னு மன்றத்துல முடிவாயிருக்கு. ஒரு முள்ளெலிக்கு இதுவரைக்கும் அந்த மரியாதை கிடைச்சதில்ல. ஒன் வாயால அதைக் கெடுத்துடாத."

அவ வளைக்குத் திரும்பி வந்தா. சேதி அவளுக்கு முன்னாலயே வந்து சேர்ந்திருந்துச்சு. சுடலை குளத்து மண்ணைப் பூசி ஒவ்வொரு முள்ளா தேச்சுட்டு இருந்தான்.

"முதல் ஆட்டம் எனக்குத்தான் மாடத்தி! எனக்கு!"

அவ அந்த மூஞ்சியைப் பார்த்தா. அவன் முதுகுல கை எட்டாத இடத்துல அவளே மண்ணைப் பூசிவிட்டா.

விழாவுக்கு முந்தின நாள் மன்றத்துக்காரங்க ஊஞ்சலுக்கு மாலை கட்டினாங்க. காட்டுல இருந்த செம்பருத்தி, கொன்றை எல்லாம் கொடி மேல ஏறுச்சு. கீரி கீழ நின்னு வேலை வாங்குச்சு.

"இடது பக்கம் பார்க்க நல்லா இல்லவே! அந்தப் பிரிஞ்ச இடத்துல இன்னும் நல்லா சுத்து! நார் ஒண்ணு கூட வெளிய தெரியக் கூடாது!"

சுத்தினாங்க. இடது பக்கத்துக் கொடி வலது பக்கத்தை விட தடிமனா, பார்க்கப் பலமா ஆயிடுச்சு. பூவோட பாரத்துல கிளை லேசா முனகுச்சு.

மறுநாள் காடே திரண்டு வந்துச்சு. கரடி ஓலைத் தட்டியைப் பிடிச்சு இழுத்துச்சு. தட்டி விழுந்துச்சு.

உள்ள ஒரு வாசல் வளைவு இருந்துச்சு. புதுசு. உச்சியில மரத்துல செதுக்கின கரடி முகம்.

வளைவுக்குப் பின்னால வேற ஏதாவது இருக்கான்னு தவளை எட்டிப் பார்த்துச்சு. பின்னால கரடியோட பின்மண்டை இருந்துச்சு. அதையும் நல்லாத்தான் செதுக்கியிருந்தாங்க.

"இவ்வளவுதானா?" அப்படின்னா ஆமை கோமதி.

கீரி சட்டுன்னு கை தட்டுச்சு. தலைவர் தட்டினா மத்தவங்களும் தட்டணும். தட்டினாங்க.

"என்ன ஒரு வளைவு! நரிங்ககிட்ட இப்படி ஒண்ணு இருக்கா?" அப்படின்னு கீரி கூவுச்சு. "இப்ப முதல் ஆட்டம்! நம்ம சுடலை!"

சுடலை பலகையில ஏறி உக்காந்தான். புதுக் கொடி வரலைன்னு அவனுக்கு அப்பதான் மெள்ள மெள்ள விளங்குச்சு. கரடி தள்ளுறதுக்கு அவன் பின்னால வந்து நின்னுச்சு.

"முதலாளி" அப்படின்னு மெதுவா கூப்பிட்டான். "இந்த இடது பக்கத்துக் கொடி..."

"அதுக்கென்ன?"

"கொஞ்சம் பிரிஞ்சிருந்துச்சு..."

"அதான் மாலை கட்டியிருக்குல்லா!" அப்படின்னுச்சு கரடி.

சுடலை கூட்டத்தைப் பார்த்தான். காடே அவனைத்தான் பார்த்துட்டு இருந்துச்சு. இப்ப இறங்கினா என்ன பேரு கிடைக்கும்னு அவனுக்குத் தெரியும். அந்தப் பேரை அவனே பல பேருக்கு வச்சிருக்கான்.

"இறங்குங்க! ஏங்க, இறங்கிடுங்க!" மாடத்தி கூட்டத்தை முட்டித் தள்ளிட்டு முன்னால ஓடி வந்தா.

"புருஷன் உசரத்துக்குப் போறது பொண்டாட்டிக்குப் பொறுக்கல!" அப்படின்னு கீரி சொல்லுச்சு. கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுச்சு.

கரடி தள்ளுச்சு. பலகை போயிட்டு வந்துச்சு. மறுபடி தள்ளுச்சு. இன்னும் உசரம். மூணாவது தள்ளுல பலகை மரத்து உச்சிக்குப் போச்சு. அங்க நிக்குற அந்த ஒரு நொடியில, பூவெல்லாம் பொலபொலன்னு கொட்டுச்சு. யாரோ "ஆகா, பூமாரி!"ன்னு சொன்னாங்க.

பலகை திரும்புறப்ப, பூவுக்குப் பின்னால கொடி வந்துச்சு. கொடிக்குப் பின்னால பலகை. பலகைக்கு முன்னாலயே சுடலை பாறையில விழுந்துட்டான். குளம் ஒரு எட்டுத் தள்ளித்தான் இருந்துச்சு.

உசிரு போகலை. முதுகெலும்பு போச்சு. முள்ளெலிக்கு ஆபத்துன்னா ஓடத் தெரியாது, கடிக்கத் தெரியாது. உடம்பைச் சுருட்டிப் பந்தா ஆகிக்கும். அது ஒண்ணுதான் அதுக்குத் தெரிஞ்ச வித்தை. சுடலையால இனிமே சுருள முடியாது. பருந்து நிழல் பட்டாலும் வயித்தைக் காட்டிட்டு அப்படியே கிடக்கணும்.

அவன் கண்ணைத் திறந்த அன்னைக்கே கீரி வளைக்கு வந்துச்சு. கையில நல்ல நாவப்பழமா கொண்டு வந்துச்சு.

"சுடலை, காட்டுல கண்டபடி பேசுதாங்க. கொடி அறுந்துதான் விழுந்தான்னு நரிங்க காதுக்குப் போச்சுன்னா நம்ம திடலே போச்சு. ஒன் பாட்டன் ஆடின திடல்டே அது! கால் வழுக்கிடுச்சுன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு."

"கால் வழுக்கினதாலயா கொடி அறுந்துச்சு?" அப்படின்னு மாடத்தி கேட்டா.

"வழுக்கும்போது பிடிச்சு இழுத்திருப்பான். அதுல அறுந்திருக்கும்" அப்படின்னு கீரி அசராம சொல்லுச்சு. "முதலாளி மனசு குளிர்ந்துச்சுன்னா எல்லாம் நடக்கும். பொன்விழாவுக்கு நிச்சயமா ரெண்டாவது ஊஞ்சல் வருது. நம்பிக்கையான ஆளு சொன்னாரு!"

"பொன்விழாவுக்கா?" மாடத்தி அதை முறைச்சுப் பார்த்தா. "அன்னைக்கு உசிரோட இருக்கப் போறது கோமதி அக்கா மட்டும்தான். அவகிட்ட போயி சொல்லுங்க."

கீரி அவளைக் கண்டுக்கலை. சுடலை முகத்தையே பார்த்துட்டு இருந்துச்சு. "இல்ல, நரிக்கு ஆளாகணும்னா ஆகிக்க. ஒன் இஷ்டம்."

சுடலை கண்ணை மூடிக்கிட்டான். அவன்கிட்ட மிச்சம் இருந்தது அந்த ஒரு பேருதான். பெரிய ரசிகன்.

"கால்தான் வழுக்கிடுச்சு" அப்படின்னான்.

சேதி கரடிக்குப் போச்சு. கரடிக்கு மனசு நல்லாவே குளிர்ந்துச்சு. "அப்ப ஊஞ்சல்ல குத்தமில்ல. பிறகு எதுக்குப் புதுக் கொடி?" அறுந்த ரெண்டு முனையையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போட்டு, அதே கொடியை அதே கிளையில தொங்க விட்டுச்சு. முடிச்சு வெளிய தெரியாம இருக்க மாலையும் கட்டியாச்சு.

மாடத்தி புது வளைவுக்குக் கீழ போயி நின்னுக்கிட்டா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொன்னா.

"ஏறாதீங்க! கொடி நைஞ்சு போச்சு! வெறும் முடிச்சுதான் போட்டிருக்கு!"

பழத்தைக் கவ்விக்கிட்டு ஒரு அணில் ஜோடி வந்துச்சு. புதுசா ஜோடி சேர்ந்ததுங்க.

"ஒங்க வீட்டுக்காரரே கால் வழுக்கிடுச்சுன்னு சொல்லிட்டாராமே அக்கா?" அப்படின்னு பொண்ணு அணில் கேட்டுச்சு.

மாடத்தி வளை இருந்த பக்கமா திரும்பிப் பார்த்தா. அணிலுங்க பழத்தைக் குடுத்துட்டு உள்ள போயிடுச்சுங்க.

அவ வளைக்குத் திரும்பி, சுடலை பக்கத்துல வந்து படுத்துக்கிட்டா.

"கூட்டமா?" அப்படின்னு அவன் கேட்டான்.

"கூட்டம்தான்."

"முடிச்சு... இறுக்கமா போட்டிருக்காரா?"

அவ வளை வாசல் பக்கமா திரும்பிப் படுத்தா.

வளைக்குள்ள இருந்தாலும் திடல் சத்தம் நல்லாவே கேக்கும். ஊஞ்சல் மேல போகும்போதெல்லாம் ஒரு கூச்சல் வரும். அது சந்தோஷக் கூச்சல்தானா, இல்ல மத்த கூச்சலான்னு ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டுட்டுக் கிடப்பாங்க. கூச்சல் சிரிப்பா முடிஞ்சா மூச்சு விடுவாங்க. அதுக்குள்ள அடுத்தவன் ஏறியிருப்பான்.

தனக்குப் பிடிச்ச இடத்தோட பழுதை மூடி மறைக்கிறவன், தனக்கு அடுத்து ஏறுறவனைத் தன் கையாலயே கீழ தள்ளுறான்.