செம்பியின் மண் கதவு

கல்லாங்குத்து மேட்டில் வெள்ளெலிகள் கூட்டமாக ஒரே வளையில் குடியிருந்தன. சின்ன வளை இல்லை அது. தானியத்துக்கு ஓர் அறை, படுப்பதற்குப் பல அறைகள், எல்லாவற்றுக்கும் அடியில் குட்டிகளுக்கென்று ஓர் அறை. மேட்டைச் சுற்றிலும் உயரமான புல். மழைக்காலத்தில் அது கண்ணுக்குக் குளிர்ச்சி. பங்குனி பிறந்துவிட்டால் அத்தனையும் காய்ந்த சருகு.

போன கோடையில் எதிர்மேடு தீப்பிடித்து எரிந்தது. செம்பி என்ற வெள்ளெலியின் அக்கா அங்கேதான் குடியிருந்தது. அதற்குப் பிறகு அந்த அக்காவை யாரும் பார்க்கவில்லை.

செம்பி அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. கூட்டத்தைக் கூட்டி இரண்டு வேலை சொன்னது. வாசலைச் சுற்றிப் புல்லைப் பிடுங்கித் தரையை வெறுமையாக்க வேண்டும். வளையின் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மண்ணுருண்டை செய்து, கதவு போலத் தள்ளி அடைத்து வைக்க வேண்டும். பயம் இருந்தவரை எல்லா எலிகளும் நன்றாகவே உழைத்தன. பயம் ஆறியதும் கை ஓய்ந்துவிட்டது. ஊரில் வழக்கமாக நடப்பதுதானே!

அந்தச் சமயத்தில் ஓர் ஆள்காட்டிக் குருவி வந்து சேர்ந்தது. கட்டாந்தரையில்தான் அது முட்டையிடும். எலிகள் புல்லைப் பிடுங்கிய இடம் அதற்குப் பிடித்துப்போனது. வாசலுக்குக் கிழக்கே முட்டையிட்டு உட்கார்ந்துகொண்டது. நரி வந்தால் கத்தும். மாடு வந்தால் கத்தும். காற்றில் ஒரு சருகு பறந்தாலும் கத்தும்.

எலிகளின் தலைவர் தொந்தியப்பனுக்கு ஒரே சந்தோஷம். சம்பளம் இல்லாத காவல்காரன் கிடைத்துவிட்டான், இனிமேல் புல் பிடுங்குவதும் மண் தள்ளுவதும் வீண் வேலை என்று சொல்லிவிட்டது.

அது வரகு அறுக்கும் காலம் வேறு. கதிரை வாயில் கவ்விக்கொண்டு, திருப்பத்துக்குத் திருப்பம் கதவைத் திறந்து மூடுவது எரிச்சலாக இருந்தது. ஓர் எலி கதவை ஓரமாகத் தள்ளி, அது மூடிக்கொள்ளாமல் இருக்கக் கல்லை முட்டுக் கொடுத்தது. அதைப் பார்த்து இன்னொன்று. கடைசியில் குட்டிகள் அறைக் கதவுக்குத் தொந்தியப்பனே நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு பெரிய கல்லை உருட்டி வைத்தது.

செம்பிக்குக் கோபம் தாங்கவில்லை. நேரே போய்க் கேட்டது.

“மாமா, கதவுக்குக் கல்லு முட்டுக் குடுத்தது யாரு?”

“நான்தான். தீ எப்பவோ வரப்போறது. பசி தினமும் வருதே!”

“தீ வர்ற அன்னிக்கு?”

“குருவி கத்தும். எல்லாரும் ஓடிடுவோம்.”

“எல்லாருமா?” என்றது செம்பி. தொந்தியப்பன் சிரித்துவிட்டுப் போய்விட்டது.

செம்பி விடவில்லை. சின்னக் கற்களை அது எடுத்துப் போடும். மற்ற எலிகள் திரும்ப வைக்கும். ‘மண்வாரி’ என்று பட்டப்பெயர் வேறு வைத்தார்கள். வயிற்றில் குட்டிகளைச் சுமந்துகொண்டு கிழக்குப் பக்கத்துப் புல்லை அது தனியாகவே பிடுங்கியது. மேற்குப் பக்கம் முளைத்த புல்லை அதனால் சமாளிக்க முடியவில்லை. பிறகு குட்டிகள் பிறந்தன. அடியறையில் கண் திறக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

ஒரு மத்தியானம் குருவி கத்தியது. அன்று கத்தியது நிற்கவே இல்லை. மேற்கே புகை எழும்பிவிட்டது.

குருவியைக் குறை சொல்ல முடியாது. அது கத்திய வேகத்தில் எல்லா எலிகளும் வெளியே பாய்ந்து, மேட்டுக்குக் கீழே இருந்த காட்டாற்று மணலுக்கு ஓடின. இரை தேடப் போயிருந்த செம்பி மட்டும் எதிர்த்திசையில் ஓடியது. கூட்டத்துக்குள் புகுந்து, இடிபட்டு, மிதிபட்டு வளைக்குள் நுழைந்தது.

முதல் கதவை மூட முடியவில்லை. ஓடியவர்கள் போட்டுவிட்டுப் போன வரகுக் கதிர் வழியை அடைத்துக் கிடந்தது. அடுத்த கதவிலும் அதே கதி. புகை பின்னாலேயே வந்தது. மிச்சம் இருந்தது குட்டிகள் அறைக் கதவுதான். அங்கே தொந்தியப்பனின் பெரிய கல்!

செம்பி முட்டியது. தள்ளியது. கடித்தும் பார்த்தது. கல் அசையவில்லை. உள்ளே குட்டிகள் கீச்சிட்டன.

“நீ அங்கேயே கிட!” என்று கல்லைப் பார்த்துச் சொல்லிவிட்டு, உள்பக்கமாக நின்று அதன்மேல் காலை ஊன்றி, கூரை மண்ணைப் பிறாண்டத் தொடங்கியது. மண் பொலபொலவென்று உதிர்ந்தது. நகம் ஒடிந்தது. கண் எரிந்தது. கதவும் கல்லும் புதையும்வரை, கடைசிக் கீற்று வெளிச்சமும் மறையும்வரை அது நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் வரகுக் கதிர் பற்றி எரியும் சத்தம் கேட்டது. மண் எரியவில்லை.

புல் தீ வந்த வேகத்திலேயே கடந்து போனது. கிழக்கே வெறுந்தரையைத் தாண்ட முடியாமல் அவிந்தது. குருவியின் முட்டைகளும் தப்பின.

மணலில் நின்ற தொந்தியப்பன் சுற்றிலும் பார்த்தது. எல்லாரும் இருந்தார்கள். செம்பி இல்லை. குட்டிகள் இல்லை. அப்போதுதான் அதற்கு உறைத்தது. ‘இனிமேல் அங்கே என்ன இருக்கப் போகிறது’ என்று மற்றவர்கள் தடுத்தும் கேட்காமல், சூடு ஆறாத மண்ணில் இறங்கித் தோண்டியது. கால் வெந்தது. ஆனாலும் தோண்டியது.

மண் விலகியபோது செம்பி படுத்திருந்தது. குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை.

தொந்தியப்பன் அதன் பக்கத்தில் உட்கார்ந்தது. பிறகு மெல்லச் சொன்னது: “குருவி சரியாத்தானே கத்துச்சு, செம்பி.”

“சரியாத்தான் கத்துச்சு மாமா. அதனாலதான் நீங்க பிழைச்சீங்க. நானும் நேரத்துக்கு வந்து சேர்ந்தேன். ஆனா இதுங்களுக்கு இன்னும் காலே ஊணலை. எங்கே ஓடும்?”

தொந்தியப்பன் புதைந்து கிடந்த கல்லைத் தோண்டியெடுத்து, யாரையும் உதவிக்குக் கூப்பிடாமல், மூச்சு வாங்க வாங்க, கொஞ்சம் கொஞ்சமாக வாசலுக்கு வெளியே உருட்டிக்கொண்டு போனது.

எச்சரிக்கைக் குரல் ஓட முடிந்தவர்களைக் காப்பாற்றும். ஓட முடியாதவர்களைக் காப்பாற்ற, தீ வருவதற்கு முன்பே கட்டிய தடுப்பும் மூடி வைத்த கதவும் வேண்டும்.