மணியக்காரர் தண்ணி ஊத்தின பூண்டு

ஏன் கண்ணுகளா, பூண்டுச் செடியில இலை பழுத்துச்சுன்னா தண்ணி விடணுமா, நிறுத்தணுமா? விடணுமா? சரிதான், நீங்களும் அந்த மணியக்காரர் கட்சி. அப்ப கேளுங்க.

மலையடிவாரத்துல ஒரு ராசா இருந்தாரு. அவரு ராணி நிறைமாசம். அதே ஊருல மாராயின்னு ஒருத்தி, அவளும் நிறைமாசம். பிள்ளை பெத்தா பால் ஊறணுமேன்னு, முன்கூட்டியே நாள் பாத்துக் கொல்லையில நாலு பாத்தி பூண்டு நட்டு வச்சிருந்தா. அந்த வருஷ மழையில மலைப்பாதை சரிஞ்சு, சந்தைக்கு ஒரு பல்லு பூண்டுகூட வரலை. உடனே அரண்மனை மணியக்காரர் வந்து, ரெண்டு பாத்தி ராணிக்குன்னு கயிறு கட்டிட்டாரு. அவளும் பிள்ளைத்தாச்சிதானேன்னு மாராயி விட்டுட்டா.

அப்புறம் இலை பழுத்துச்சு. மணியக்காரருக்கு வந்துச்சே கோவம்.

"ராணி பூண்டைக் காயப்போட்டுக் கொல்றியா?"

"இல்லைங்க, முத்துது. இனிமே தண்ணி காட்டக்கூடாது."

கேட்டாரா மனுஷன்? ராணி பாத்திக்கு இருபது குடம் ஊத்தச் சொன்னாரு. மறுநாள் வந்து பாத்தாரு, இலை இன்னும் பழுத்திருக்கு. வேண்டாங்க, அழுகிடும்னா மாராயி. நாப்பது குடம் ஊத்தச் சொன்னாரு. மூணாம் நாள் வந்து பாத்தாரு, இலை இன்னும் பழுத்திருக்கு. மாராயி தலையில அடிச்சுக்கிட்டா. அறுபது குடம் ஊத்தச் சொன்னாரு. ஊத்திட்டு, அவ பாத்தியைப் பாத்து ஒரு சிரிப்பு வேற.

"உன்னுது செத்தே போச்சு. அதுக்காக அரண்மனைத் தண்ணியைக் கேட்டு வந்து நிக்காதே."

"சத்தியமா கேக்க மாட்டேங்க."

இந்த ஆளுகிட்ட இனி என்னத்தைப் பேசறதுன்னு, வயித்தைத் தூக்கிக்கிட்டு மண்வெட்டி எடுத்து, தன் பாத்திக்கு அந்தத் தண்ணி வராம நடுவுல வரப்பை உசத்திக் கட்டிட்டுப் போய்ப் படுத்தா. இலை சாஞ்சதும் தன்னுதைப் பறிச்சு, தாளோட முடிஞ்சு உத்தரத்துல தொங்கவிட்டா.

ரெண்டு பேருக்கும் ஒரே வாரத்துல பிள்ளை பொறந்துச்சு. மணியக்காரர் ராணி பாத்தியைத் தோண்டினாரு. தோண்டினா, கொழகொழன்னு சேறு, ஊரே மூக்கைப் பொத்துது. மாராயி கெட்ட விதையை நட்டுட்டான்னு ராசாகிட்ட சொல்லிட்டாரு. எப்படி இருக்கு பாருங்க!

ராணியால பொறுக்க முடியலை. பல்லக்கு ஏறித் தானே வந்துட்டா. வந்தவ உத்தரத்தைப் பாத்தா, கொத்துக் கொத்தா வெள்ளை வெளேர்னு பூண்டு. ஒரே கொல்லை, ஒரே விதை. யாரு பொய் சொன்னதுன்னு புரிஞ்சுபோச்சு.

"அக்கா, எனக்குப் பால் ஊறலை. பிள்ளை அழுது அழுது தொண்டை கட்டிப்போச்சு."

மாராயி உத்தரத்துல இருந்ததுல சரிபாதியை இறக்கி, ராணி மடியில போட்டா. ராணிக்குக் கண்ணு கலங்கிப்போய், என்ன வேணும்னாலும் கேளுன்னா.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம் தாயி. கைப்பிள்ளையை வச்சுக்கிட்டுப் பூண்டு உரிக்க முடியலை. நாப்பது நாளைக்கு அந்த மணியக்காரரை அனுப்பி வைங்க. உங்களுக்கும் எனக்கும் சேத்து உரிக்கட்டும். வாயைத் திறக்காம உரிக்கணும்னு மட்டும் சொல்லி அனுப்புங்க."